ஓடும்போது நின்று மீண்டும் கிளம்பாத பழைய டீசல் பிக்கப்

மெக்கானிக்கல் பம்ப் பொருத்திய பழைய டீசல் வண்டி ஓட்டத்தில் நின்று, ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் கிளம்பாவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது டீசல் வரும் வழியைத்தான். ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிச் சைலன்சரைக் கவனியுங்கள்: புகையே இல்லையென்றால் பெரும்பாலும் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை, வெள்ளைப் புகை வந்தால் டீசல் போயும் எரியவில்லை என்பதால், ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்குவது), பம்ப் டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்), கம்ப்ரெஷன் (சிலிண்டரில் காற்று அழுத்தப்படும் அளவு) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ரோட்டரி வகை டீசல் பம்பில் உள்ள ஸ்டாப் சோலனாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு), சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் அதன் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று சோதியுங்கள்.

அடுத்து, பில்டரில் காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அழுத்துங்கள். குமிழிகள் ஓயாமல் வந்தால், டேங்கிற்கும் பிரைமருக்கும் இடையே வெடித்த ஹோஸோ தளர்ந்த கிளிப்போ காற்றை உள்ளே இழுக்கிறது. டீசல் வெளியே கசியாமலேயே இது நேரும் என்பதால் பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். டீசலே ஏறாவிட்டால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் பைப்பைத் தளர்த்தி, டீசல் வருகிறதா என்று சோதிக்கும்போது கையை அருகில் கொண்டுபோகாதீர்கள்; அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.