ஓரடி வீட்டை 25 அடி வீடாக இடிப்பது எப்படி

சினிமாவுக்கான காட்சித் தந்திரங்களை, அதாவது விஎஃப்எக்ஸ், கற்க ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் கேட்பது எந்த சாஃப்ட்வேர் என்றுதான். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் வருகிறவர்கள் கையில் நான் முதலில் கொடுப்பது மண்ணும் அட்டையும். 1984-ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற மலையாளப் படத்தில் பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடந்தது, அறையையே சுழலவிட்டு எடுத்ததால்தான். எடையும் தூசியும் எப்படி நடந்துகொள்ளும் என்று கண் பழகிவிட்டால், கம்ப்யூட்டரில் செய்யும்போது பொய் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு வீட்டை இடித்துப் பழகுங்கள். மாடலை 25-ல் ஒரு பங்காகக் கட்டினால் 25 அடி வீடு ஓரடி வரும். நிஜத்தில் 25 அடி உயரத்திலிருந்து கல் விழ ஏறக்குறைய 1.25 நொடி ஆகும், ஓரடியிலிருந்து 0.25 நொடிதான். இந்த அவசரத்தைப் பார்த்ததுமே பொம்மை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் நொடிக்கு 120 பிரேமில், அதாவது 120 படங்களாக, எடுத்து 24-ல் ஓட்டுங்கள். ஐந்து மடங்கு மெதுவாகும், கணக்கு சரியாகிவிடும். போனின் ஸ்லோ மோஷனே போதும். வேறு அளவு என்றால் அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 24-ஆல் பெருக்குங்கள். 16-ல் ஒரு பங்குக்கு 96 பிரேம்.

சுவருக்கு மண்ணோடு கொஞ்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்தால் போதும், கெட்டியாகக் கட்டினால் உடையாமல் அப்படியே சாயும். காய்ந்ததும் உள்பக்கம் கத்தியால் கீறி, தூண்டில் நரம்பு கட்டி இழுங்கள். தூசிக்குச் சலித்த மண். மைதா வேண்டாம், பறக்கிற மாவு நெருப்புப் பட்டால் குப்பென்று பிடிக்கும்.

கேமரா தரையிலிருந்து இரண்டரை அங்குலத்தில் இருக்கட்டும், அந்த வீட்டு வாசலில் நிற்கிற ஆளின் கண் உயரம் அதுதான். நல்ல வெயிலில் எடுங்கள். ஆனால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியை அள்ளிக்கொண்டு போய்விடும். விடிந்து வெயில் ஏறியதும், சுற்றிப் பனையோலைத் தட்டி கட்டி முடித்துவிடுங்கள்.

அப்புறம், இடியும் வீட்டுக்கு முன்னால் சேர்ப்பதற்கு நடிகரை ஒரே நிறத் துணிக்கு முன் தனியாக எடுக்க வேண்டும். அந்த நிறத்தைத்தான் பிறகு கம்ப்யூட்டரில் நீக்குவோம். வெயில் அதே பக்கத்திலிருந்து, அதே சாய்வில் விழ வேண்டும். எங்கள் பக்கம் வயலும் தென்னையும் பிரேமுக்குள் வந்துவிடும் என்பதால் பச்சைத் துணியை நான் கட்டுவதில்லை, நீலம்தான். துணியிலிருந்து ஆள் ஆறேழு அடி தள்ளி நின்றால் நீலச்சாயல் முகத்தில் ஏறாது.

இரண்டையும் சேர்க்க, இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் சாஃப்ட்வேரே போதும். கீ செய்து, அதாவது நீலத்தை நீக்கி, நிறத்தைப் பொருத்துவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் ஆள் ஒட்டவைத்த மாதிரி தெரிகிறார். கறுப்புத் துணிக்கு முன்னால் தூசியை மட்டும் தனியாக, அதே 120 பிரேமில் எடுத்துக்கொண்டு, கறுப்பு மறைந்து தூசி மட்டும் தெரியும் ஸ்கிரீன் மோடில் அவர் முழங்காலுக்குக் கீழே ஒரு படலமாகப் போடுங்கள். வீட்டிலிருந்து கிளம்பிய தூசி அவரைத் தாண்டிப் போகும்.