சிறிய பைக்கின் முகப்பு விளக்கை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக் ஓட்டக் கற்றுக்கொள்பவர்களின் கைக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் முதலில் வருவது, வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் 100 அல்லது 125 சிசி வண்டிதான். ஸ்ப்ளெண்டர் போன்ற இந்த வகை வண்டிகள் பலவற்றின் முகப்பில் இருப்பது எச்.எஸ்.1 என்ற 35/35 வாட் ஹாலஜன் பல்பு. பகலிலேயே ஓட்டிப் பழகியவர், தெருவிளக்கு இல்லாத ஊராட்சிச் சாலையில் முதன்முறையாக இரவில் போகும்போது, வெளிச்சம் பற்றவே இல்லை என்று திரும்பி வந்து சொல்வார். அந்தக் குறை நியாயமானதுதான். ஆனால் அதைத் தீர்ப்பதாக நினைத்துச் செய்யப்படும் மாற்றங்களில் பல, ஓட்டுபவருக்குத் தெரியும் தூரத்தைக் குறைத்து, எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைப்பதில்தான் முடிகின்றன.

எல்லாத் தவறுகளுக்கும் மூலமானது, புதிய பல்பை வாங்குவதிலிருந்து வேலையைத் தொடங்குவது. ஹாலஜன் பல்பின் ஒளி, அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தைப் பொறுத்து மிகக் கூர்மையாக ஏறி இறங்கும். எச்.எஸ்.1 பல்புக்கு உரிய ஒளி 13.2 வோல்ட்டில் அளக்கப்படுகிறது. ஹோல்டரில் 12 வோல்ட் மட்டுமே வந்து சேர்ந்தால், மின்னழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாத நிலையிலேயே வெளிச்சத்தில் ஏறத்தாழக் கால் பங்கு போய்விடும். பத்து ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் நின்ற வண்டியில் இந்த இழப்புக்குக் காரணங்கள் நிறைய இருக்கும். இடது கைப்பிடியிலுள்ள டிம்-பிரைட் சுவிட்சின் உள்தகடு கறுத்திருக்கலாம், ஹோல்டரின் முனை சூட்டில் தளர்ந்திருக்கலாம், எர்த் வயர் சேஸியில் சேரும் இடத்தில் துரு பிடித்திருக்கலாம்.

இதைச் சோதிக்க, மின்னழுத்தத்தை அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். டூமை, அதாவது முகப்பு விளக்கின் கூட்டைக் கழற்றி, பல்பை ஹோல்டரிலிருந்து எடுக்காமல், இன்ஜின் ஓடி விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே ஹோல்டரின் பின்பக்கம் முனைகளை வைத்து அளக்க வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரில் அளப்பது பயனற்றது. மின்னோட்டம் இல்லாதபோது எவ்வளவு மோசமான வயரும் முழு அழுத்தத்தையே காட்டும். பேட்டரி மின்சாரத்தில் எரியும் விளக்காக இருந்தால், பேட்டரி முனைகளில் கிடைக்கும் அளவுக்கும் ஹோல்டரில் கிடைக்கும் அளவுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு வந்தால் குறை வயரிங்கில் இருக்கிறது என்று கொள்ளலாம். முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, எர்த்தைப் புதிதாக முறுக்கி, புது ஹோல்டர் ஒன்றைப் போட்டாலே பல வண்டிகளில் ‘அப்கிரேடு’ அத்துடன் முடிந்துவிடும். கடைக்காரருக்கு இதில் லாபம் ஏதும் இல்லை என்பதால் அவர் இதைச் சொல்லப் போவதில்லை.

அதே சமயத்தில், பல்பின் ஒளியைச் சாலையை நோக்கித் திருப்பும் ரிஃப்ளெக்டரையும் பார்த்துவிட வேண்டும். முன்பக்கக் கவர் மஞ்சளாகி மங்கியிருந்தால் அதற்கு பாலிஷ் போடலாம். உள்ளே இருக்கும் பளபளப்பான பூச்சு உரிந்திருந்தால் யூனிட்டையே மாற்றுவது ஒன்றே வழி. தூசி படிந்திருக்கிறதே என்று ரிஃப்ளெக்டரைத் துணியால் அழுத்தித் துடைப்பவர்கள் உண்டு. அந்த அலுமினியப் பூச்சு மிக மெல்லியது. ஒருமுறை தேய்த்தாலே கீறல் விழுந்து, ஒளி சிதறத் தொடங்கிவிடும்.

அடுத்த தவறு, கார்களுக்குரிய எச்4 பல்பைத் திணிப்பது. 60/55 வாட் எச்4 பல்பும் 35/35 வாட் எச்.எஸ்.1 பல்பும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போலத்தான் இருக்கும். அடித்தகட்டின் காதுகளில்தான் சிறு வேறுபாடு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரக் கூடாது என்பதற்காகவே அந்த வேறுபாடு வைக்கப்பட்டிருக்கிறது. நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் அதை அரத்தால் ராவி உட்கார வைத்துவிடுகிறார்கள். காகிதக் கணக்கில் ஒளியின் அளவு லோ பீமில் 525 லூமென் 1000 ஆகவும், ஹை பீமில் 825 லூமென் 1650 ஆகவும் உயர்வதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் 35 வாட்டுக்கு மூன்று ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகப் பாய்ந்த அதே மெல்லிய வயரில், 60 வாட்டுக்கு ஐந்து ஆம்பியர் பாய வேண்டியிருக்கிறது. வயரிலேயே அழுத்தம் விழுந்துவிடுவதால், எதிர்பார்த்த ஒளி பாதி வழியிலேயே தொலைந்துபோகும். இன்ஜினோடு சேர்ந்து மின்சாரம் உண்டாக்கும் சிறிய வண்டியின் காயில், அத்தனை மின்சாரத்தையும் தொடர்ந்து தரும்படி வடிவமைக்கப்பட்டதும் அல்ல. சில மாதங்களில் ஹோல்டர் பழுப்பேறி உருகும். பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டராக இருந்தால் பல்புக்கு மேலே உள்ள பகுதியில் பூச்சு கொப்பளித்துவிடும். 90/100 வாட் என்று போட்ட பல்புகளைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இன்று அதிகம் நடக்கும் தவறு, ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி பல்பைச் செருகுவதுதான். இது ஏன் சிக்கலாகிறது என்பதை அறிய, பழைய ஹாலஜன் பல்பு ஒன்றைக் கையில் எடுத்து உற்றுப் பார்க்கலாம். கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் இருக்கும். அவற்றுள் முன்னால் உள்ள இழைக்கு அடியில் மட்டும், சிறு கரண்டியைப் போன்ற ஓர் உலோகத் தகடு தெரியும். லோ பீமுக்கான அந்த இழையின் ஒளி கீழ்நோக்கிப் போகாமல் தகடு தடுத்துவிடுவதால், ரிஃப்ளெக்டரின் மேல்பாதிக்கு மட்டுமே ஒளி போய், அங்கிருந்து சாலையை நோக்கித் தாழ்வாகத் திரும்புகிறது. எதிரே வருபவரின் கண்ணுக்குக் கீழே ஒளி நேர்க்கோடாக வெட்டுப்பட்டு நிற்பது இதனால்தான். ஹை பீம் இழைக்குத் தகடு கிடையாது. அதன் ஒளி முழு ரிஃப்ளெக்டரையும் பயன்படுத்துகிறது. மொத்த ஏற்பாடும் அந்த இரண்டு இழைகளும் மில்லிமீட்டர் பிசகாமல் உரிய இடத்தில் இருப்பதை நம்பியே நிற்கிறது.

மலிவான எல்இடி பல்பில் சிப்புகள் ஒரு தடித்த தகட்டின் இரு பக்கங்களிலும் ஒட்டப்பட்டிருக்கும். இழை இருந்த புள்ளியிலிருந்து அவை சற்றே விலகினாலும் குவியம் கெடும். ஆளுயரச் சுவரில் அடித்துப் பார்த்தால், வெட்டுக்கோடு இருந்த இடத்தில் ஒரு வெண்மையான மூட்டம்தான் தெரியும். ஓட்டுபவருக்கு இது முதலில் மகிழ்ச்சியாகவே இருக்கும், ஏனென்றால் முன் சக்கரத்தை ஒட்டிய பத்து மீட்டர் பகலைப் போல ஆகிவிடும். அந்தக் கிட்டத்து வெளிச்சத்துக்கு ஏற்பக் கண் சுருங்கிக்கொள்வதால், அதற்கு அப்பால் உள்ள இருட்டு முன்பைவிடக் கருமையாகத் தோன்றும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் நகர்கிறது. பத்து மீட்டரில் பளிச்சென்று தெரியும் பள்ளத்தால் யாருக்கும் பயனில்லை. புதிதாக ஓட்டுபவர் ஏற்கெனவே சக்கரத்துக்கு முன்னாலேயே பார்க்கும் பழக்கம் உடையவர் என்பதால், இந்த மாற்றம் அந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கிவிடுகிறது.

இதற்கு மேல், பெட்டியில் 120 வாட் என்று அச்சிட்டிருக்கும் பல்பு உண்மையில் 15, 20 வாட் எடுத்துக்கொள்வதாகவே இருக்கும். பின்னால் உள்ள சிறு விசிறிக்கு இடம் வேண்டும் என்பதற்காக டூமுக்குள் உள்ள ரப்பர் கவரைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். ஒரு மழைக்குப் பிறகு ரிஃப்ளெக்டருக்குள் நீர் முத்துகள் கட்டி நிற்கும். ஜெர்மனியில் 2020-இல் ஓஸ்ராம் நிறுவனத்தின் மாற்று எல்இடி பல்பு ஒன்றுக்குச் சாலையில் பயன்படுத்த அனுமதி கிடைத்தபோதுகூட, குறிப்பிட்ட வண்டி மாடல்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று பெட்டியில் போட்டிருப்பதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதுவே அளவுகோல்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாராமல் வேலையில் இறங்குவதும் செலவு வைக்கும் தவறு. பழைய சிறிய வண்டிகள் பலவற்றில் முகப்பு விளக்கு பேட்டரியோடு சம்பந்தமில்லாமல், காயிலிலிருந்து வரும் ஏ.சி. (மாறுதிசை) மின்சாரத்தில் நேராக எரியும். ஐடிலிங்கில் மங்கலாகவும் முறுக்கினால் பிரகாசமாகவும் எரிந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டுப் பார்ப்பது முன்பு நல்ல சோதனையாக இருந்தது; 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்ற விதி வந்த பிறகு, பேட்டரியில் எரியும் விளக்கும்கூடச் சில மாடல்களில் இன்ஜின் ஓடிய பிறகே ஒளிர்கிறது. ஆகவே மல்டிமீட்டரை நம்புவதே நல்லது.

இப்படி ஏ.சி.யில் விளக்கு எரியும் வண்டியில், டி.சி.க்கான (பேட்டரி தரும் நேர்திசை மின்சாரத்துக்கான) எல்இடி பல்பைப் போட்டால் ஐடிலிங்கில் மினுக்கும், அல்லது சில நாள்களில் உயிரை விடும். அதற்கு மெக்கானிக் சொல்லும் குறுக்குவழி, விளக்கின் வயரைப் பேட்டரிக்கு மாற்றிவிடுவது. கிக்கர் மட்டும் உள்ள வண்டியின் பேட்டரி 3 ஆம்பியர்-அவர் அளவுக்குத்தான் இருக்கும். 35 வாட் பல்பு அதை, சார்ஜ் ஏறாவிட்டால், ஒரு மணி நேரத்தில் காலி செய்யவல்லது. ஏ.சி. மின்சாரத்தின் அரை அலையை மட்டும் பயன்படுத்திச் சார்ஜ் செய்யும் பழைய அமைப்பு, நகர நெரிசலில் இந்தச் சுமையை ஈடுகட்டாது. பிறகு ஹாரனும் இண்டிகேட்டரும் வலுவிழந்து, பேட்டரி மோசம் என்று பழி வேறு இடத்தில் விழும். உண்மையிலேயே டி.சி.க்கு மாற்ற வேண்டுமானால் காயிலின் எர்த் இணைப்பைப் பிரித்து, முழு அலையை டி.சி.யாக மாற்றித் தரும் ஆர்.ஆர். (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) யூனிட் போட வேண்டும். அது நல்ல வேலைதான், ஆனால் காயில் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் மட்டுமே கொடுக்க வேண்டிய வேலை.

பழைய சுவிட்சின் சிறு மின்னோட்டத்தால் இயங்கி, பேட்டரியிலிருந்து விளக்குக்குத் தனி வயரில் மின்சாரம் தரும் ரிலேயைப் போடுபவர்கள், பேட்டரி முனைக்கு அருகிலேயே ஃப்யூஸ் வைக்க மறக்கக் கூடாது. ஏ.சி. விளக்கு வயரைக் கொண்டு சாதாரண ரிலேயை இயக்கினால் அது கடகடவென்று அதிருமே தவிர நிலையாகப் பிடிக்காது. ஒரிஜினல் வயரை அறுத்து முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதைவிட, கப்ளரோடு (செருகி இணைக்கும் முனையோடு) வரும் தனி வயரிங் கிட் வாங்குவது நல்லது. வேண்டாம் என்றால் கழற்றிப் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். பல்பு அடிக்கடி ஃப்யூஸ் போனால் பல்பின் கம்பெனியை மாற்றிக்கொண்டே போகாமல், பேட்டரி விளக்கு வண்டியில் இன்ஜினை முறுக்கியபடி சார்ஜிங் அழுத்தத்தை அளக்க வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி ஆர்.ஆர். யூனிட்.

நீலப் பூச்சுப் பல்புகளைப் பற்றி ஒரு வரி போதும்: அந்தப் பூச்சு ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்தே நீலத்தைக் காட்டுகிறது, ஆகவே அதே வாட்டுக்குச் சாலையில் விழும் ஒளி குறைவு.

எதை மாற்றினாலும், மாற்றாவிட்டாலும், கடைசியில் விளக்கின் கோணத்தைச் சரிபார்க்காமல் விடுவது பெருந்தவறு. இது காசே செலவாகாத வேலை, அதனாலோ என்னவோ யாரும் செய்வதில்லை. டயர்களில் சரியான காற்று வைத்து, ஓட்டுபவர் வண்டிமேல் உட்கார்ந்து, சமதரையில் சுவருக்கு 5 மீட்டர் தூரத்தில் வண்டியை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, லோ பீமின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி டூமின் போல்ட்டைத் தளர்த்திச் சாய்வை அமைக்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் நிறுத்தி யாரும் உட்காராமல் பார்த்தால் அளவு தவறும். பின்னால் ஒருவர் ஏறினால் வண்டியின் பின்பகுதி தாழ்ந்து முகப்பு தூக்கிக்கொள்ளும் என்பதால், எப்போதும் இருவராகப் போகிறவர்கள் இருவரும் உட்கார்ந்தே அளக்க வேண்டும்.

சட்டமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-ஆவது விதி, விளக்கின் முன்னால் 8 மீட்டர் தூரத்தில், அதன் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்குக் கூச்சம் ஏற்படாத வகையில் ஒளி கீழே சாய்ந்திருக்க வேண்டும் என்கிறது. நண்பரை வண்டியில் உட்கார வைத்து, அந்த இடத்தில் நாமே நின்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். அனுமதிக்கப்படாத மாற்றங்களுக்கு 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, அல்லது இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயரின் கண்ணில் முதலில் படுவதும் இத்தகைய மாற்றங்களே.

வயரிங்கைச் சரிசெய்து, நல்ல ரிஃப்ளெக்டரில் பெயர் பெற்ற நிறுவனத்தின் 35/35 வாட் பல்பைப் போட்டு, கோணமும் வைத்த பிறகும் வெளிச்சம் போதவில்லை என்றால், அதே மாடலின் புதிய பதிப்பில் கம்பெனியே தரும் எல்இடி யூனிட் நம் வண்டிக்குப் பொருந்துமா என்று டீலரிடம் விசாரிக்கலாம். சிப்பும் ரிஃப்ளெக்டரும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்யப்பட்டவை என்பதால் அதன் வெட்டுக்கோடு தெளிவாக இருக்கும். ஆனால் அதற்கு டி.சி. மின்சாரம் தேவை, பிராக்கெட்டும் கப்ளரும் பொருந்த வேண்டும். சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ அடையாளமில்லாத யூனிட்டை வாங்குவதானால், கடையிலேயே 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து எதிர்ச் சுவரில் லோ பீமை அடித்துக் காட்டச் சொல்லி, வெட்டுக்கோடு தெரிந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.