பூங்காவில் பெரிய கச்சேரியா? தெருவின் கருத்தைத் திரட்டும் முறை

"கச்சேரி வேண்டாம்" என்று இருநூறு பேர் கையெழுத்துப் போட்ட மனு, மாநகராட்சி அலுவலகத்தில் ஓர் ஒப்புகை எண்ணோடு அடங்கிவிடும். அதையே, "கிழக்கு வாசல் தெருவில் 62 வீடு கேட்டோம், 41 வீட்டில் இரவு பத்துக்கு மேல் ஜன்னல் அதிர்ந்தது, 35 வீட்டுக்கு வருஷத்துக்கு இரண்டு நிகழ்ச்சி என்றால் ஆட்சேபமில்லை" என்ற மாதிரி எழுதிக் கொடுத்தால் அனுமதி போடுகிறவர் அதை நிபந்தனையாக மாற்ற முடியும். சென்னையை வைத்து எழுதியிருக்கிறோம். ஒலி விதிகள் நாடு முழுக்க ஒன்றே.

முதலில் வரைபடத்தில் மேடை வரும் இடத்தைக் குறித்து 100, 300, 600 மீட்டரில் மூன்று வட்டம் போடுங்கள். முதல் வட்டத்தில் எல்லா வீட்டையும், இரண்டாவதில் நான்கு வீட்டுக்கு ஒன்றையும், மூன்றாவதில் பத்துக்கு ஒன்றையும் கேட்டால் போதும். ஒரு வேலைநாள் மாலை, ஒரு ஞாயிறு காலை என இரண்டு தடவை போக வேண்டும். இரண்டு தடவையும் கதவு திறக்காத வீட்டையும் "பதில் இல்லை" என்று எண்ணிக்கையில் சேருங்கள். வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைப்பது சுலபம், ஆனால் கோபக்காரர்களும் ரசிகர்களும் மட்டுமே அதில் பதில் போடுவார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் பல குழுக்களில் இருப்பதே இல்லை. காலை நடைக்கு வருகிறவர்கள், வாசலில் சுண்டல், இளநீர் விற்கிறவர்கள், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் ஆகியோருக்குத் தனித் தாள் வையுங்கள். கச்சேரி நாளில் இளநீர்க்காரருக்கு வியாபாரம் கூடலாம், அல்லது காவலர்கள் அவரையே அங்கிருந்து கிளப்பிவிடலாம். கேட்காமல் தெரியாது.

"கச்சேரியால் தொந்தரவா?" என்று ஆரம்பித்தால் "ஆமாம்" என்றுதான் வரும். நடந்ததை முதலில் கேளுங்கள்: போன நிகழ்ச்சியன்று வீட்டில் இருந்தீர்களா, எத்தனை மணி வரை சத்தம் கேட்டது, ஜன்னலைச் சாத்தியும் கேட்டதா, வண்டியை வெளியே எடுக்க முடிந்ததா, பூங்கா எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது? வீட்டில் கைக்குழந்தை, படுக்கையில் இருக்கும் முதியவர், இரவுப்பணி முடித்துப் பகலில் தூங்குபவர், பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை உண்டா? விருப்பத்தைக் கடைசியில் கேளுங்கள்: வருஷத்துக்கு எத்தனை நிகழ்ச்சி, எத்தனை மணி வரை, எந்த மாதங்களில் கூடாது. "ஒன்றும் வேண்டாம்", "எத்தனை வேண்டுமானாலும்" இரண்டும் விடையாக இருக்கட்டும். பெயரும் போன் எண்ணும் தனித் தாளில். பதில் தாளில் தெருப்பெயரும் வட்ட எண்ணும் போதும். பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார் என்றால் யாரும் மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள்.

சத்தத்தை அளப்பதில்தான் பல குடியிருப்போர் சங்கங்கள் கோட்டை விடுகின்றன. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு), இரவு 10 முதல் காலை 6 வரை 45. ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதி வரம்புக்கு மேல் 10 டெசிபல் அல்லது 75, இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சம். ஆக, குடியிருப்பு நடுவே உள்ள பூங்காவின் வேலியோரம் பகலில் 65. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக இருக்கலாம். அங்கே பகல் வரம்பே 50. திறந்தவெளியில் இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. கலாசார, சமய விழாக்களுக்காக வருஷத்தில் அதிகபட்சம் 15 நாள் மட்டும் நள்ளிரவு வரை அரசு விலக்கு தரலாம். அந்த நாட்களை முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். "உங்கள் தேதி அந்தப் பட்டியலில் இருக்கிறதா?" என்பதை ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இனி கணக்கு. பெரிய மேடையில், முப்பது மீட்டர் தள்ளி ஒலிக்கலவை மேசை இருக்கும் இடத்தில் 98 டெசிபல் என்பது சாதாரணம். தூரம் இரட்டிக்கும்போது ஏறக்குறைய 6 குறையும்: 60 மீட்டரில் 92, 120-ல் 86. எட்டு ஏக்கர்ப் பூங்கா சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 180 மீட்டர்; கடைக்கோடி வேலியிலும் 80-க்கு மேல்தான் நிற்கும். 65 எங்கே, 80 எங்கே! "சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிறோம் சார்" என்ற வாக்குறுதியின் எடை இவ்வளவுதான். அதனால் மேடை எந்தத் திசை பார்க்கிறது, ஒலிபெருக்கிகள் எவ்வளவு உயரத்தில் தொங்குகின்றன என்பதை அனுமதியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

போன் செயலி 5 டெசிபல் கூட்டியோ குறைத்தோ காட்டும், புகாருக்கு ஆதாரமாகாது. சத்தத்தை அளக்கும் கருவியான ஒலிமானியை, துல்லியத்தில் இரண்டாம் வகுப்பு (Class 2) உள்ளதாக, வாடகைக்கு எடுங்கள். தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிறுத்தி, 15 நிமிட சராசரியைக் குறியுங்கள். நிகழ்ச்சியில்லாத ஒரு சனிக்கிழமை அதே நேரம், அதே இடத்தில் அளந்து வைக்காவிட்டால், "அது ரோட்டுச் சத்தம்" என்று தள்ளிவிடுவார்கள். வீடு அதிர்கிறது, மானியில் எண் ஏறவில்லை என்ற குழப்பமும் வரும். மானியில் வழக்கமாக வைக்கும் 'ஏ' அளவுகோல், காது கேட்கும் விதத்தை ஒட்டி, தாழ்ந்த அதிர்வெண்ணைக் குறைத்தே காட்டும். அதிர்வோ பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியிலிருந்து வருவது. அதை அவ்வளவாகக் குறைக்காத 'சி' அளவிலும் ஒரு தடவை எடுத்து வையுங்கள். மதியம் நடக்கும் சவுண்ட் செக்கை (ஒலி ஒத்திகையை) மறக்க வேண்டாம். பகல் தூக்கக்காரர்களின் புகார் பெரும்பாலும் அதைப் பற்றியே இருக்கும்.

மண்ணைப் பற்றி மக்கள் அதிகம் சொல்ல மாட்டார்கள், ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கும் சேதம் அங்கேதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈர மண்ணில் லாரி ஏறினால் மண் இறுகி, தண்ணீர் இறங்காமல் புல் அழுகும், மர வேருக்குக் காற்று போகாது. மேடை போடுவதற்கு முந்தின நாள் பத்து இடத்தில் தேதியோடு படம் எடுங்கள், பிரித்த மறுநாள் அதே இடங்களில் மறுபடியும். லாரிப் பாதையில் பலகை விரிப்பு, மரத்தடியில் ஜெனரேட்டர் வைக்கத் தடை, சேதத்துக்கு டெபாசிட் பிடித்தம் ஆகிய மூன்றையும் கேளுங்கள்.

பழைய அனுமதி உத்தரவு, வாடகை, டெபாசிட் விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்: கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். அடுத்த தேதி அறிவித்த பிறகு போட்டால் பதில் வருவதற்குள் கச்சேரி முடிந்துவிடும், இப்போதே போடுங்கள். முடிவுகளை ஒரே பக்கத்தில், தெருவாரியாக, கோரும் நிபந்தனைகளோடு மண்டல அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் கொடுத்து முத்திரையுடன் நகல் வாங்குங்கள். வார்டு கவுன்சிலருக்கு ஒன்று. கச்சேரி வேண்டும் என்றவர்களின் எண்ணிக்கையை அந்தப் பக்கத்திலிருந்து நீக்காதீர்கள். ஏற்பாட்டாளர் அதைத்தான் முதலில் தேடுவார். பத்து மணி தாண்டியும் ஓடினால் 100-க்கு அழைத்து, அழைத்த நேரத்தையும் மானியின் எண்ணையும் அதே தாளின் பின்பக்கம் எழுதுங்கள்.