அலாரம் அடித்தால் ஒயரை வெட்டாதீர்கள்

காசிமேட்டில் 20 வருடமாகப் படகு ஒயரிங் பார்க்கிறேன். கணினி வைத்த இன்ஜின்கள் வந்தபிறகு நடுக்கடலிலிருந்து இப்படித்தான் போன் வருகிறது: "அண்ணே, இன்ஜின் நல்லாத்தான் ஓடுது, அலாரம் மட்டும் கத்துது. ஒயரை வெட்டிவிடட்டுமா?" தயவுசெய்து வெட்டாதீர்கள்.

ஆயில் பிரஷர் அலாரம் என்றால் யோசிக்கவே வேண்டாம், இன்ஜினை நிறுத்திவிட்டு ஆயில் அளவைப் பாருங்கள். சூடு அலாரம் என்றால் நியூட்ரலுக்கு வந்து, கடல்தண்ணீர் வெளியே கொட்டுகிறதா என்று எட்டிப் பாருங்கள். கொட்டாவிட்டால் கடல்தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரில் பிளாஸ்டிக் பை ஏதும் சிக்கியிருக்கலாம். கொதிக்கும்போது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், ஊற்றும் மூடியைத் திறக்க வேண்டாம்.

அப்புறம் திரையில் வரும் கோளாறு எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல இன்ஜின்களில் இரண்டு எண் வரும். எஸ்.பி.என். என்பது இடம்: 100 ஆயில் பிரஷர், 110 கூலன்ட் சூடு, 168 பேட்டரி வோல்டேஜ். எஃப்.எம்.ஐ. என்பது அங்கே என்ன மாதிரிக் கோளாறு என்பது. 110-உடன் 0 வந்தால் இன்ஜின் நிஜமாகவே சூடாகியிருக்கிறது. 3 அல்லது 4 வந்தால் சென்சாரையும் அதன் ஒயரையும் பாருங்கள். அதைச் சரிசெய்யும்வரை கணினிக்கு அந்த இடத்தில் கண் தெரியாது. இன்ஜினை நீங்கள்தான் தொட்டும் பார்த்தும் ஓட்ட வேண்டும்.

சம்பந்தமே இல்லாத நாலைந்து அலாரம் ஒன்றாக வந்தால் சென்சார்களை விட்டுவிட்டு எர்த் ஒயரைப் பாருங்கள். ஒரு படகில் ராத்திரி விளக்குகளைப் போட்டால் மட்டும் இப்படி வந்தது. புதுக் கணினி வாங்கப் பணம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பேட்டரியில் 25.4 வோல்ட், நன்றாகவே இருந்தது. விளக்குகளை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதைக் கணினியின் எர்த் பின்னிலும் வைத்தேன். அரை வோல்ட்டுக்கு உள்ளே இருக்க வேண்டியது 2.3 காட்டியது. எர்த் போல்ட்டைக் கழற்றினால் ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையமான லக் முழுக்கப் பச்சைக் களிம்பு, உள்ளே ஒயரில் நாலு இழைதான் மிச்சம். புது லக் அடித்து இறுக்கியதும் எல்லா அலாரமும் நின்றது.

பிளக்கின் பின்களை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். கான்டாக்ட் கிளீனர் போதும். மீட்டர் முனையால் ஒயரின் தோலைக் குத்தவும் கூடாது. அந்த ஓட்டை வழியே உப்புத்தண்ணீர் ஏறி உள்ளேயே செம்பை அரித்துவிடும். திரை அடிக்கடி அணைந்தால் பேட்டரியை ஆஃப் செய்து, கணினியும் திரையும் தகவல் பேசிக்கொள்ளும் கேன் லைனின் இரண்டு ஒயருக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60 வர வேண்டும். 120 வந்தால் லைனின் இரண்டு முனையிலும் இருக்க வேண்டிய ரெசிஸ்டரில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில் இரும்புப் படகுகளுக்கு வெல்டிங் நடக்கும். அதற்கு முன்பு பேட்டரி ஒயர்களையும் கணினியின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். வெல்டிங் எர்த் கிளிப்பை ஒட்டவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள், இன்ஜினில் மாட்ட விடாதீர்கள்.