குடும்பக் கட்டுப்பாடு (கு.க.) ஆபரேஷன் பண்ணியாச்சு, திரும்ப குழந்தை வேணும், பெங்களூருல என்ன பண்ணலாம்

ஆபரேஷனுக்கு அப்புறம் பிள்ளை தவறிப்போச்சு, இல்ல ரெண்டாவது கல்யாணம், திரும்ப ஒரு குழந்தை வேணும்னு போனா எடுத்தவுடனே ஐவிஎஃப் (டெஸ்ட் ட்யூப் பேபி) தான்னு சொன்னா உடனே தலையாட்டிடாதீங்க, கு.க.ல வெட்டின ட்யூபை, அதாவது கருக்குழாயை, மைக்ரோஸ்கோப் வெச்சு சேர்க்குற ரீகேனலைசேஷன் நமக்கு ஒத்து வருமான்னு முதல்ல கேளுங்க.

அதுக்கு பழைய டிஸ்சார்ஜ் சம்மரி வேணும். அல்சூர், ஸ்ரீராமபுரம்னு இங்க இருக்குற நம்ம பொண்ணுங்க நிறைய பேருக்கு பிரசவம் அம்மா வீட்டுல, தர்மபுரியோ கிருஷ்ணகிரியோ, கு.க.வும் அதோடயே முடிஞ்சிருக்கும், அதனால அந்த ஆஸ்பத்திரியில போய் கேட்டு வாங்கணும். ரிங், கிளிப் போட்டிருந்தா ட்யூப் கொஞ்சம் தான் வீணாகியிருக்கும், கரென்ட் வெச்சு சுட்டிருந்தா நிறைய போயிருக்கும். முட்டையை வாங்குற விரல் மாதிரியான நுனியையே எடுத்திருந்தாங்கன்னா இதுல பெரும்பாலும் பலன் இல்ல, ஐவிஎஃப் தான்.

அடுத்து உங்களுக்கு ஏஎம்எச், அதாவது முட்டை எவ்வளவு மிச்சம் இருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட், வீட்டுக்காரருக்கு விந்து டெஸ்ட். அவனுக்கு எதுக்கு டெஸ்ட்னு மாமியார் கேட்டாலும் விடாதீங்க, அவர் ரிப்போர்ட் ரொம்ப மோசம்னா ட்யூபை சேர்த்தும் பிரயோஜனம் இல்ல. வயசு 38, 40ன்னு ஆகி முட்டையும் கம்மியா இருந்தா ஐவிஎஃப் பத்தியும் சேர்த்தே பேசிடுங்க, காத்திருக்க டைம் கிடையாது.

ஆபரேஷன்ல மூடின ரெண்டு நுனியையும் நல்ல சதை வர்ற வரைக்கும் சீவி எடுத்துட்டு, முடியை விட மெல்லிசான 8-0 நூல்ல தைப்பாங்க, உள்தோலை விட்டுட்டு சுத்தி இருக்குற தசையில தான் தையல், அப்புறம் கர்ப்பப்பை வழியா நீல மருந்து செலுத்தி நுனி வரைக்கும் வருதான்னு பார்ப்பாங்க. சேர்த்த பிறகு ட்யூப் 4 செ.மீ.க்கு மேல இருந்தா நல்லது. டாக்டர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க, நீங்க எத்தனை பேருக்கு பண்ணியிருக்கீங்க, அதுல எத்தனை பேருக்கு குழந்தை பொறந்துச்சுன்னு. கர்ப்பம் ஆச்சுன்னு மட்டும் சொன்னா போதாது.

காசு தான் பிரச்சனைன்னா கே.ஆர். மார்க்கெட் பக்கத்துல வாணி விலாஸ் அரசு ஆஸ்பத்திரி ஓபிடியில சீட்டு போட்டு இது பண்றாங்களான்னு விசாரிங்க.

இதை மட்டும் மறக்கவே மறக்காதீங்க, சேர்த்த ட்யூபுல கரு அங்கயே தங்கிடுற ஆபத்து மத்தவங்களை விட ஜாஸ்தி. நாள் தள்ளிப்போன உடனே கர்ப்பமான்னு பாக்குற பீட்டா எச்சிஜி ரத்த டெஸ்ட், அப்புறம் டாக்டர் சொல்ற நாள்ல ஸ்கேன், கரு கர்ப்பப்பைக்குள்ள தான் இருக்கான்னு பாக்கணும். ஒரு பக்கமா வயித்து வலி, தலைசுத்தல், தோள்பட்டை வலின்னு வந்தா ராத்திரி எத்தனை மணி ஆனாலும் எமர்ஜென்சிக்கு கிளம்பிடுங்க, காலையில பாத்துக்கலாம்னு படுக்காதீங்க.