பத்து நாளைக்கு ஒருமுறை மேலே வரும் மிதவை

எங்கள் பள்ளிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பும் ஒரு வலை காயப்போடும் மேடும்தான். அப்படியிருந்தும் மிதத்தல் விதியை நான் பல வருடம் பீக்கரும் எலுமிச்சம்பழமும் வைத்தே நடத்திக்கொண்டிருந்தேன். போன மே விடுமுறையில்தான் கடலிலிருந்து அன்றாடம் வரும் அளவீடுகளை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்று உட்கார்ந்து படித்தேன். குமரிக் கரையில் இருப்பதால் என் உதாரணங்கள் இந்தப் பக்கத்துக் கடலைச் சேர்ந்தவை. வேறு ஊர் ஆசிரியர்கள் தங்கள் கடலைப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் வாரம் முழுக்க நான் செய்தது, இணையதளங்களைச் சேர்த்து வைத்தது. பதினொன்று சேர்ந்தது. ஒன்றுகூட வகுப்புக்கு உதவவில்லை. வண்ண வண்ணமாகக் காற்றும் நீரோட்டமும் சுழலும் படங்களைப் பிள்ளைகள் அஞ்சு நிமிடம் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், அப்புறம் கொட்டாவி விடுவார்கள். போதாக்குறைக்கு அவற்றில் பெரும்பாலானவை கணினி கணக்குப் போட்டு வரைந்தவை, யாரும் கடலில் இறங்கி அளந்தவை அல்ல. அதனால் ஒரே ஒரு கருவியைத் தேர்ந்தெடுங்கள். நான் எடுத்தது ஆர்கோ மிதவை.

உலகக் கடல்களில் இப்படிப்பட்ட மிதவைகள் ஏறக்குறைய 4,000 அலைகின்றன. இந்தியாவின் பங்கை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. ஆள் உயரத்துக்கு ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மேலே வரும் வழியெல்லாம் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளக்கும். மேலே வந்ததும் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி முங்கிவிடும். யூரோ-ஆர்கோ தளத்தின் வரைபடத்தில் எல்லா நாட்டு மிதவைகளும் புள்ளிகளாகத் தெரியும். உங்கள் கரைக்குப் பக்கத்தில் ஒன்றைத் தொட்டு, அதன் ஏழு இலக்க எண்ணைக் கரும்பலகை ஓரத்தில் எழுதிவையுங்கள். வருடம் முழுக்க அழிக்கக் கூடாது. கடைசியாக எப்போது மேலே வந்தது என்று மட்டும் முதலில் பாருங்கள். நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்த முதல் மிதவை எட்டு மாதமாகப் பேச்சுமூச்சில்லாத ஒன்று.

ஆழத்தை மீட்டரில் சொன்னால் எங்கள் பிள்ளைகளுக்கு ஏறாது. வீட்டில் பாகக் கணக்குதான். ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர், ஆக 2,000 மீட்டர் என்றால் 1,100 பாகம். அதைக் கேட்டதும்தான் பின் பெஞ்சிலிருந்து ஒரு 'யம்மோ' வந்தது.

அது எப்படி முங்குகிறது என்பதை ஒரு பாட்டிலில் காட்டலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்புங்கள். பேனா மூடியின் கொக்கியில் கொஞ்சம் களிமண் உருட்டி ஒட்டி, வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி உள்ளே விடுங்கள். பேனா மூடியின் நுனியில் ஓட்டை இருந்தால் அதையும் களிமண்ணால் அடைக்க வேண்டும். நுனி மட்டும் தலைகாட்டும் அளவுக்குக் களிமண்ணைக் கூட்டிக் குறைப்பதில்தான் பாதி நேரம் போகும், போகட்டும். பாட்டிலை இறுக மூடி அமுக்கினால் பேனா மூடி இறங்கும், விட்டால் ஏறும். உள்ளே அடைபட்ட காற்று சுருங்குகிறது, இடம்பெயரும் தண்ணீர் குறைகிறது, மூழ்குகிறது. ஆர்கோவை யாரும் வெளியிலிருந்து அமுக்குவதில்லை. அதுவே தன் வயிற்றிலிருக்கும் எண்ணெயை அடியிலுள்ள ஒரு பைக்குத் தள்ளிப் பருக்கும், திரும்ப இழுத்து மெலியும். எடை மாறுவதில்லை, பருமன்தான் மாறுகிறது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

இனி வரைபடம். இதில் ஒரு விதி வைத்திருக்கிறேன்: எண்களைக் காட்டும் முன் பிள்ளைகள் ஊகித்து வரைந்துவிட வேண்டும். ஆழம் மேலிருந்து கீழாகப் போகும்படி அச்சை வரையச் சொல்லி, மேலே 29 டிகிரி, அடியில் 3 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, நடுவில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். நாற்பது பேரில் முப்பதுக்கு மேல் நேர்கோடு போட்டார்கள். பிறகு மிதவையின் எண்களை வைத்துப் புள்ளி வைத்தபோது கோடு முதல் 200 மீட்டருக்குள்ளேயே சரேலென்று சரிந்து, அப்புறம் மெதுவாக இறங்கியது. தங்கள் கோடு தப்பிய இடத்தைப் பார்த்த பிறகு 'ஏன்' என்று அவர்களே கேட்கிறார்கள். கணினியில் வரைய வேண்டாம், சார்ட்டும் பென்சிலும் போதும். ஒவ்வொரு எண்ணுக்கும் தரக்குறியீடு ஒன்று இருக்கும். 1 என்றால் நம்பலாம், 4 என்றால் தள்ளிவிடுங்கள்.

நேரத்தில் நான் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆர்கோ போதாதென்று, நங்கூரமிட்ட மிதவை ஒன்றின் மணிவாரிப் பதிவை எடுத்துவைத்தேன். இந்தியப் பெருங்கடலில் இப்படிப்பட்டவை ஒரு வரிசையாக நிற்கின்றன, வரிசையின் பெயர் ராமா. அதில் ஒன்று எங்கள் அட்சரேகையிலேயே, கிழக்கே 90 டிகிரியில். கடல்மேற்பரப்பு காலை ஒன்பது மணிக்கு உச்ச வெப்பத்தைத் தொடுவதாக அந்த அட்டவணை சொன்னது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, மேகம், காற்று என்று காரணமெல்லாம் எழுதிவைத்தேன். கடைசியில் பார்த்தால் அது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் மதியம் இரண்டரை. அட்டவணையில் வரிசையாக ஒன்பதுகளாகவே வந்தாலும் பதறாதீர்கள், அளவீடு இல்லை என்று அர்த்தம்.

அந்த மாதிரி மிதவைகள் சில சமயம் திடீரென்று ஊமையாகிவிடும். ஏன் என்று வகுப்பில் கேட்டேன். நான் எதிர்பார்த்த பதில் புயல். ஒருத்தன் எழுந்து, "அதுல மீன் அணையும்லா டீச்சர், போட்டைக் கொண்டு கெட்டியிருப்பாங்க" என்றான். உண்மையும் அதுதான். மிதவையின் நிழலில் மீன் கூடும், படகுகள் வரும், கருவி சேதமாகும். இந்தியப் பெருங்கடல் ஆய்வாளர்களுக்கு இது பழைய தலைவலி. அவனுக்கு அது அப்பா சொன்ன சேதி.

பெரிய வகுப்பு என்றால் கள்ளக்கடலை எடுக்கலாம். உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் அலை ஏறிவந்து வீட்டு வாசலைத் தொடுவது இங்கே எல்லோரும் பார்த்தது. தெற்கே தொலைவில் வீசிய புயலின் அலை அது. இன்காய்ஸ் முன்னறிவிப்பில் அலையின் கால இடைவெளி இருக்கும். அதை 0.78 ஆல் பெருக்கினால் ஆழ்கடலில் அந்த அலைக்கூட்டம் வினாடிக்கு எத்தனை மீட்டர் வருகிறது என்று கிடைக்கும். 18 வினாடி என்றால் 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர். எங்கள் ரோட்டில் பஸ்ஸுக்குக்கூட அந்த வேகம் கிடையாது. 5,000 கிலோமீட்டர் தள்ளிப் புறப்பட்டது வந்துசேர 100 மணி நேரம், நாலு நாள் சொச்சம்.

நெட் வராது. வகுப்பு நடக்கும் நேரத்தில் கண்டிப்பாக வராது. முந்தின இரவே வீட்டில் இறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பத்து நாளைக்கு ஒருமுறை சார்ட்டில் ஒரு குண்டூசி குத்துகிறோம். அடுத்து எங்கே எழும்பும் என்று ஆளுக்கொரு சீட்டில் அட்சரேகை, தீர்க்கரேகை எழுதி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட வேண்டும். கிட்ட வந்தவருக்குக் கடலைமிட்டாய். நானும் சீட்டுப் போடுகிறேன், இதுவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. மிதவை அடுத்து வருவது வியாழக்கிழமை.