முன்னாள் படைவீரருக்கும் அவர் மனைவிக்கும் முதுமைக் கால உதவிகள்: எங்கிருந்து தொடங்குவது?

படுக்கையில் விழுந்துவிட்ட முன்னாள் படைவீரரையோ, அவர் காலமான பின் தனித்திருக்கும் மனைவியையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். துணைக்கு வைக்கும் ஆளின் சம்பளம் முழுவதையும் ஏற்கும் திட்டம் எதுவும் இதில் இல்லை. ஓய்வூதியம், வயது ஏற ஏறக் கூடும் தொகை, மருத்துவத் திட்டம், வீடு தேடி வரும் சிகிச்சை என்று பல இடங்களில் கிடப்பவற்றை ஒன்றுசேர்த்தால்தான் ஒரு முதியவரின் மாதச் செலவைத் தாங்க முடியும். இவற்றுள் பெரும்பாலானவை, கணவர் இருக்கும்போதே மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆவணங்களில் சரியாக ஏறியிருக்கின்றனவா என்பதைப் பொறுத்தவை. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: தாள்களை ஒப்பிடுங்கள்

படையிலிருந்து விடுபட்டபோது தந்த டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ., இருவரின் ஆதார் அட்டைகள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரே மேசையில் பரப்பி, மனைவியின் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இசக்கியம்மாள் என்பவர் ஒரு தாளில் எசக்கி என்றும், இன்னொன்றில் கணவர் பெயரோடு சேர்த்தும் எழுதப்பட்டிருப்பது நம் திருநெல்வேலிப் பக்கத்தில் சாதாரணம். அரை நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட ஆணைகளில் மனைவியின் பிறந்த தேதிக்கான இடம் வெறுமையாகவே இருக்கக்கூடும்.

திருத்தத்திற்கு முதலில் போக வேண்டிய இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பழைய பட்டாளத்துக்காரர்கள் சைனிக் போர்டு என்று சொல்வது இதைத்தான். அங்கே மனுவைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டு, அவர் பணியாற்றிய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திற்கு அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியின் வெலிங்டன், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இயந்திரப் பராமரிப்புப் பிரிவான இ.எம்.இ. என்றால் செகந்திராபாத். எந்தக் கடிதமானாலும் படை எண், பதவி, பெயர் மூன்றையும் தலைப்பில் எழுதுங்கள். இந்த வேலையைக் கணவரின் கையெழுத்தோடு முடிப்பது எளிது. அவர் போன பிறகு அதே திருத்தத்திற்கு ஒரு வயதான அம்மாள் அலைய வேண்டியிருப்பதை நினைத்தாவது இதைத் தள்ளிப்போடாதீர்கள். உழைத்துப் பிழைக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால், பெற்றோருக்குப் பின் அப்பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு என்பதால், அந்தப் பெயரையும் இப்போதே சேர்க்கக் கேளுங்கள்.

இரண்டாம் படி: வாழ்வுச் சான்று

ராணுவ ஓய்வூதியத்தை இப்போது பிரயாக்ராஜிலுள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம் ஸ்பர்ஷ் என்ற இணைய அமைப்பின் வழியாக நேரடியாக வழங்குகிறது. ஓய்வூதியம் பெறுபவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான வாழ்வுச் சான்றை ஆண்டுக்கு ஒருமுறை தராவிட்டால் பணம் நின்றுவிடும். இச்சான்றுக்கான ஜீவன் பிரமாண் என்ற கைபேசிச் செயலியில் பதியும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு எது என்ற கேள்விக்குப் பழக்கத்தில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஸ்பர்ஷுக்கு மாறியவர்கள் அந்த இடத்தில் ஸ்பர்ஷையே தேர்ந்தெடுத்து, பழைய ஆணை எண்ணுக்குப் பதிலாக ஸ்பர்ஷ் தந்த புதிய எண்ணை இட வேண்டும்.

வயலிலும் பீடிச் சுற்றிலும் உழைத்த பெண்களின் கைரேகை தேய்ந்துபோய், இயந்திரம் ஏற்காமல் போவதுண்டு. அப்போது ஆதார் முக அடையாளத்தைக் கைபேசியிலேயே பதியலாம். எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு, அஞ்சலகத்தில் சொல்லிவைத்தால் தபால்காரர் சிறு கட்டணத்துக்கு வீட்டிற்கே வந்து பதிந்து தருவார்.

மூன்றாம் படி: எண்பது வயதும் அதன் பிறகும்

80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகச் சேர வேண்டும். 85-இல் அது 30, 90-இல் 40, 95-இல் 50 விழுக்காடு ஆகும். 100 வயதில் முழுத்தொகையே இரட்டிப்பாகும். கணவருக்கு மட்டுமன்றிக் குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் இது பொருந்தும். குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமான 9,000 ரூபாய் பெறும் ஓர் அம்மாளுக்கு 80 வயதில் 1,800 ரூபாயும், 90 வயதில் 3,600 ரூபாயும், அதன் மீது அகவிலைப்படியும் கூடும். ஆனால் அவருடைய பிறந்த தேதி பதிவில் இல்லையென்றால் அவருக்கு 80 ஆனது கணினிக்குத் தெரியாது. முதல் படியை நான் வலியுறுத்தியதற்கு இதுவே பெரிய காரணம்.

கணவர் காலமானால் 21 நாள்களுக்குள் இறப்பைப் பதிந்து சான்றிதழ் பெற்று, ஸ்பர்ஷில் தெரிவியுங்கள். இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு இருந்தால் புதிய கணக்குத் தேவைப்படாது. அவர் 67 வயதைக் கடந்து காலமாகியிருந்தால், மனைவிக்குப் பொதுவாகக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடே கிடைக்கும். வருமானம் இவ்வளவு குறையும் என்பதைக் குடும்பம் முன்கூட்டியே கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

நான்காம் படி: மருத்துவம்

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமாக 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ்.-இல், ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரரும் மனைவியும் அத்திட்டத்தின் மருத்துவ நிலையமான திருநெல்வேலி பாலிகிளினிக்கில் மருந்து பெறலாம். அங்கிருந்து எழுதித் தந்தால் பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனையில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். நெருக்கடியில் எழுத்துச் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட்டு, எல்லா ரசீதுகளையும் அசலாக வைத்திருங்கள். மனைவிக்கெனத் தனி அட்டை உண்டு. அதைக் கணவர் காலத்திலேயே வாங்கிவிடுங்கள்.

ஓய்வூதியம் இல்லாதவர்கள்

குறைந்த ஆண்டுகளே பணியாற்றி ஓய்வூதியம் இன்றித் திரும்பியவர்கள் தங்களுக்கு எதுவும் இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது சரியன்று. ஹவில்தார் பதவிக்கு உட்பட்டு, 65 வயதைக் கடந்த ஓய்வூதியமற்ற முன்னாள் படைவீரருக்கும், அத்தகையவரின் கைம்பெண்ணுக்கும் மத்திய சைனிக் போர்டு வறுமை நிவாரணம் வழங்குகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த இத்தொகை 2025 நவம்பர் முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு நல அலுவலகத்திற்குச் சென்றால், அவர்கள் சரிபார்த்து இணையவழியில் பரிந்துரைப்பார்கள்.

வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு

பணியினால் ஏற்பட்ட ஊனம் நூறு விழுக்காடு என்று கணிக்கப்பட்டு, துணையாள் இன்றி இயங்க முடியாதவர் என்று மருத்துவக் குழு சொன்னால், ஊன ஓய்வூதியத்தோடு உதவியாளர் படி தனியாக உண்டு. 2017 ஜூலையில் அது மாதம் 6,750 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது; அகவிலைப்படி 50 விழுக்காடு ஏறும்போதெல்லாம் அது 25 விழுக்காடு கூடும். வயது மூப்பினால் மட்டும் தளர்ந்தவருக்கு இது கிடையாது. அவருக்குக் கைகொடுப்பது, தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள், இயன்முறை சிகிச்சை, வலி தணிப்பு சிகிச்சை ஆகியவற்றை வீட்டிற்கே வந்து தருவதால், படுக்கையில் இருப்பவரை ஆட்டோவில் ஏற்றி இறக்கும் துன்பம் பெரிதும் குறையும். உங்கள் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதியவரின் பெயரையும் வீட்டு முகவரியையும் கொடுத்து, எந்த நாளில் வருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.